யாரும் வாங்காத வேர்க்கட்டு

கந்தாவுத் தீவில் ஒரு ஊருக்குள் நுழைய, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் வேண்டும். அங்கிருந்து கிளம்புவதற்கும் யங்கோனா வேர்தான் வேண்டும். கிளம்புகிறவன் வேர்க்கட்டை முன்னால் வைத்து விடை கேட்பான். பெரியவர் அதைத் தொட்டு எடுத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி, கையைக் குவித்து மூன்று தரம் தட்டினால் விடை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். தொடாவிட்டால் போக முடியாது. ஆனால் அப்படித் தொடாமல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரைப் பற்றி அந்தத் தீவில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. இதெல்லாம் மாக்கடல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்து சேர்வதற்கு முந்தைய நிலவரம்.

நெமானி அந்தப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடமாக மாணவன். வயது நாற்பத்தெட்டு. மேட்டுச் சரிவில் யங்கோனா பயிரிடுவான், மிச்ச நேரத்தில் மீன் பிடிப்பான். படிக்க வேண்டும் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தார் ஒரு நாள் படகில் வந்து இறங்கி, ஊருக்கு ஒரு இலவச இடம் என்று அறிவித்தார்கள். பிறகு, ஊரில் எந்த வீட்டில் போன் சிக்னல் கிடைக்கும் என்று கேட்டார்கள். மேட்டின் மேல் இருக்கும் நெமானி வீட்டில்தான் கிடைக்கும். அவன் தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு திரும்பியபோது மாணவனாகியிருந்தான். வாசலில் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் காத்திருந்தது.

கடலோர மேலாண்மைச் சான்றிதழ் என்பது அந்தப் படிப்பின் பெயர். நெமானி முதல் பாடத்தின் மூன்றாம் பக்கத்தைத் தாண்டியதே இல்லை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவனும் பல்கலைக்கழகத்தைக் குறை சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்தால் தூக்கம் வந்துவிடும், அவ்வளவுதான். அவன் மனைவி லித்தியா நோயில் கிடந்த மாதங்களில், வலி தாங்காமல் புரளும்போது, "அந்த மூணாம் பக்கத்தக் கொஞ்சம் வாசிங்க" என்பாள். அவன் வாசிப்பான். அவள் தூங்கிவிடுவாள். பல்கலைக்கழகத்தால் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே நன்மை அது. லித்தியா போய்ச் சேர்ந்த பிறகு அந்த உபயோகமும் இல்லாமல் போயிற்று.

பெட்டியில் இருந்த மிச்சப் புத்தகங்களை எல்லாம் அவன் மகள் உலமிலா படித்து முடித்திருந்தாள். ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வாங்கியவள். தலைநகர் சுவாவுக்குப் போய்ப் படிக்கலாம்தான், ஆனால் அப்பாவை யார் பார்ப்பது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஒரு நாள் அப்பாவோடு உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, உங்க எடத்த எனக்குக் குடுத்துருங்களேன்."

"எந்த எடம்? தோட்டமா?"

"தோட்டத்த நான் என்ன பண்ணப் போறேன்! படிப்பு எடம்ப்பா. நீங்க வெலகிட்டீங்கன்னா ஊருக்கு ஒரு எடம் காலியாயிரும். நான் சேந்துருவேன். இங்கேருந்தே படிப்பேன், உங்களுக்கு ரெண்டு கெழங்க அவிச்சுப் போட்டுக்கிட்டு."

"இல்லன்னா?"

"இல்லன்னா அந்த ஏஜண்டுக்கு ஈஸ்டருக்குள்ள பதில் சொல்லணும். ஆஸ்திரேலியாவுல கொடமொளகா பறிக்கிற வேல. நாலு வருஷ ஒப்பந்தம்."

நெமானி கத்தியைக் கீழே வைத்தான். நாலு வருடத்துக்குப் போனவர்கள் நாலாவது வருடத்தில் திரும்பியதை அவன் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் மகன் போய் ஏழு வருடமாகிறது. கிறிஸ்துமசுக்குப் போனில் முகத்தைக் காட்டுவான், பின்னால் குளிர்சாதனப் பெட்டி தெரியும்.

"அட, இவ்வளவுதானா? நாளைக்கே போயி வெலகிட்டு வந்துர்றேன்," என்றான். ஐந்து வருடத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தை நினைத்து அவன் சந்தோஷப்பட்ட முதல் நாள் அது. ஆழம் தெரியாமல் காலை விடுவது என்று சொல்வார்கள். கால் விட்டவன் அன்று இரவு நன்றாகத் தூங்கினான்.

முறை தெரிந்த மனுஷன் வெறுங்கையோடு போய் விடை கேட்க மாட்டான். லித்தியா இறந்த வருடம் நட்ட யங்கோனாவை அவன் தொடாமல் வைத்திருந்தான். அதைத் தோண்டி எடுத்து, கழுவி, காயப்போட்டான். உலமிலா அதைத் தாழை நாரால் அழகாகக் கட்டிக் கொடுத்தாள். தேவாலயச் சட்டையையும் இடுப்பில் சுற்றுகிற நல்ல சுலுவையும் உடுத்திக்கொண்டு வூனிசேயாவில் இருந்த கற்றல் மையத்துக்குப் படகில் போனான்.

மையத்தின் வாசலில் ஒரு பலகை. பெரிய கை ஒன்று சின்னக் கையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும் படம். கீழே, 'உங்கள் கையை விடவே மாட்டோம்'. சின்னக் கையின் விரல்கள் விரிந்திருந்தன. வரைந்தவர் அதை மகிழ்ச்சி என்று நினைத்திருக்க வேண்டும்.

மைய அலுவலர் செருவாயா, லித்தியாவின் ஊர்க்காரி. அவனுக்கு மச்சினி முறை. அந்த முறைக்கு அங்கே கேலி செய்யாமல் பேசுவது மரியாதைக் குறைவு.

"அடடே, மச்சானா! நீங்க செத்துப்போயி யாரும் சொல்லாம விட்டுட்டாங்கன்னுல்ல நெனச்சேன்! அஞ்சு வருஷத்துல மொத தடவையா வாசல மிதிச்சிருக்கீங்க."

அவள் மணியை அடித்தாள். உள்ளேயிருந்து ஒரு எழுத்தரும் வெளியேயிருந்து காவலாளியும் ஓடிவந்தார்கள். மூவரும் கையைக் கோத்துக்கொண்டு 'வந்தவரே இருந்திடுங்கள்' என்ற வரவேற்புப் பாடலின் இரண்டு அடிகளைப் பாடினார்கள். மாணவர் யார் வந்தாலும் பாட வேண்டும் என்பது தலைமையகத்து உத்தரவு. பாடி முடித்ததும் காவலாளி வாசலுக்குத் திரும்பிப் போனான்.

நெமானி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். வேர்க்கட்டை முன்னால் வைத்தான். இந்த வீட்டின் நிழலில் ஐந்து வருடம் இருந்தேன், குறை ஒன்றும் இல்லை, இப்போது எழுந்து போக விடை தர வேண்டும் என்று முறைப்படி சொல்லி முடித்தான். தலை குனிந்து கைதட்டலுக்காகக் காத்திருந்தான்.

கைதட்டல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் செருவாயா நாற்காலியோடு சுவர் வரை பின்வாங்கியிருந்தாள்.

"ஐயோ மச்சான், இத நான் தொட முடியாது!"

"ஏன், வேர் நல்லால்லியா?"

"வேரு தங்கமாட்டம் இருக்கு. தொட்டா நீங்க போயிருவீங்களே. இத வாங்கிக்க எனக்கு அதிகாரம் இல்ல. மேலிடத்துல கேக்கணும்."

"மேலிடத்துல யாருக்கு அதிகாரம்?"

அவள் யோசித்தாள். "சேக்குற அதிகாரம் எல்லாருக்கும் இருக்கு. காவலாளிக்குக்கூட இருக்கு, போன மாசம் ரெண்டு பேரச் சேத்தான். அனுப்புற அதிகாரம் யாருக்குன்னு எனக்குத் தெரியல. நானும் வந்து ஒம்போது வருஷமாச்சு."

"நான்தான் அஞ்சு வருஷமா ஃபெயில் ஆறேனே. வெரட்டி விட மாட்டீங்களா?"

"ஃபெயில்னு சொல்லப்படாது மச்சான். 'இன்னும் வென்றுகொண்டிருப்பவர்'னு போட்டிருக்கோம்." அவள் கணினியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இன்னிக்கு நீங்க வந்ததே தப்பு. மையத்துக்கு வந்ததால 'துடிப்பான மாணவர்' ஆயிட்டீங்க. துடிப்பா இருக்கறவர வெலக்க விதி கெடையாது."

"அப்ப வராமலே இருந்துர்றேன்."

"வராம இருந்தா 'ஆபத்தில் இருக்கும் மாணவர்'. ஆபத்துல இருக்கறவரக் கை விடலாமா? அக்கறைத் திட்டம் ஆரம்பிச்சிரும்."

"ரெண்டுக்கும் நடுவுல இருந்தா?"

"நடுவுல இருக்கறவங்களுக்கு விதியே எழுதல. இதுவரைக்கும் யாரும் நடுவுல இருந்ததில்ல மச்சான்."

நெமானி கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசலைத் தாண்டும்போது காவலாளி மரியாதையாக அந்தப் பாட்டின் மூன்றாவது அடியைப் பாடினான். அது வழியனுப்பும் அடி அல்ல. வழியனுப்பும் அடி அந்தப் பாட்டில் இல்லை.

வீட்டுக்கு வந்து உலமிலாவிடம் கட்டை நீட்டினான். "தொடலம்மா," என்றான். சொந்த ஊரில் யாரோ அவன் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அவள் கட்டை அடுப்பங்கரை விட்டத்தில் தொங்கவிட்டாள்.

துடிப்பில்லாமல் இருந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. பன்னிரண்டு நாள் அவன் மையத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பதின்மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், போன் அடித்தது.

"பூலா," என்று வணக்கம் சொன்னது, பதிவு செய்த, தேன் குழைத்த ஒரு பெண் குரல். "நெமானி," என்றது அதற்கு நடுவே ஒட்டவைத்த ஒரு கரகரத்த ஆண் குரல். பிறகு மறுபடியும் அந்தப் பெண்: "நாங்கள் உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீங்கள் தனியாக இல்லை. படிப்பைத் தொடர விரும்பினால் எண் ஒன்றை அழுத்தவும். தொடர விரும்பாவிட்டாலும் எண் ஒன்றை அழுத்தவும்."

எதையும் அழுத்தாவிட்டால் அது முதலிலிருந்து ஆரம்பித்தது. இணைப்பைத் துண்டித்தால் திரும்ப அடித்தது. கடைசியில் நெமானி ஒன்றை அழுத்தினான். "நன்றி! உங்கள் உறுதி எங்களை நெகிழச் செய்கிறது," என்று சொல்லிவிட்டு அது ஓய்ந்தது. அந்த அழுத்தலால் அவன் மறுபடி துடிப்பானவனாகிவிட்டான் என்று செருவாயா அடுத்த நாள் வருத்தத்தோடு தெரிவித்தாள்.

அக்கறைத் திட்டத்தில் அவனுக்கு ஒரு கற்றல் தோழரும் கிடைத்தார். சோர்ந்துபோன மாணவனோடு பேசி ஊக்கம் கொடுப்பது தோழரின் வேலை. ஓனோத் தீவிலிருந்து இசிகேலி என்ற ஒருவர் கூப்பிட்டார்.

"தம்பி, உங்களுக்கு ஊக்கம் குடுக்கச் சொல்லியிருக்காங்க. கொஞ்சம் இருங்க, தாள எடுத்துக்கறேன்... 'ஒவ்வொரு அலையும் கரையைச் சேரும்'. கேட்டுதா?"

"கேட்டுது அண்ணே. எனக்கு வெலகணும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "வழி ஏதும் கண்டுபிடிச்சீங்களா தம்பி? நான் எட்டு வருஷமாத் தேடுறேன். ரெண்டு தடவ வெலகப் பாத்தேன், தூக்கித் தோழராப் போட்டுட்டாங்க."

இதற்கிடையில் ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. அதே கட்டைத் தூக்கிக்கொண்டு நெமானி மேலும் மூன்று தரம் வூனிசேயாவுக்குப் போனான். மூன்று தரமும் பாட்டு. மூன்று தரமும் யாரும் தொடவில்லை. நாலாவது வருகைக்கு, வட்டாரத்தின் மிகத் துடிப்பான மாணவர் என்று சட்டையில் ஒரு வில்லையைக் குத்தி அனுப்பினார்கள். செருவாயா குத்தும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. நாலு தடவ வெலகக் கேட்டவர்னு உங்க பேரு மேல போயிருச்சு. பெரியவரே ஊருக்கு வர்றாராம்."

"விடை குடுக்கவா?"

அவள் வில்லையைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தாள்.

பெரியவர் என்பது டாக்டர் அபிசாய், மாணவர் தக்கவைப்பு இயக்குநர். சுவாக்காரர்தான். பிரிஸ்பேனில் இருபது வருடம் இருந்து, மனிதர்கள் ஏன் போகிறார்கள் என்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். வெளியூர்க்காரராக இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். இவருக்கு ஊர் முறை அத்தனையும் தெரியும். எந்த முறையை எந்த இடத்தில் வைத்தால் எதிரே இருப்பவர் கழுத்து அசையாது என்பதும் தெரியும்.

ஊர்க் கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். மேல் வரிசையில் பெரியவர்கள், நடுவில் ஊர்த் தலைவர் சகியாசி, நெமானிக்கு மாமா முறை. வாசலோரம் பெண்கள், அவர்களோடு உலமிலா. இயக்குநர் முட்டி போட்டு நகர்ந்து வந்து, வந்ததற்கான யங்கோனாவை வைத்தார். அதுவே நல்ல பெரிய கட்டு. பெரியவர்கள் முகம் மலர்ந்தது. பிறகு அவர் பேசினார்.

"பெரியவங்களே, நான் இந்தப் பொறுப்புக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. இந்த ஆறு வருஷத்துல ஒரே ஒரு மாணவரக்கூட நாங்க இழக்கல. உலகத்துலயே எங்கயும் இல்லாத சாதன இது. போன வருஷம் ஒரு பெரிய ஆபத்து வந்துச்சு. பதினேழு பேர் எல்லாப் பாடத்தையும் படிச்சு முடிக்கிற நெலமைக்கு வந்துட்டாங்க. முடிச்சா பட்டம் குடுக்கணும். பட்டம் குடுத்தா போயிருவாங்க. எனக்குச் சோறு எறங்கல. கடைசில, கடைசிப் பாடத்தக் குடுக்கறதையே நிறுத்திட்டோம். இப்ப அந்தப் பதினேழு பேரும் நம்மளோடயே இருக்காங்க."

கூடத்தில் மெச்சும் முணுமுணுப்பு எழுந்தது. பதினேழு பேரைக் காப்பாற்றினவர் என்று அவர்களுக்குப் புரிந்தது.

"இவங்க படிக்கிறாங்களான்னு சில பேர் கேக்குறாங்க. அது பாடத் துறையோட வேல. அந்தத் துறைய மூடிட்டோம். அதுல இருந்தவங்களத்தான் இப்ப அக்கறைப் பிரிவுல போட்டிருக்கோம். படிப்பு இன்னிக்கு வரும், நாளைக்கு மறந்துரும். உறவு மறக்குமா?" அவர் குரல் உடைந்தது. நிஜமாகவே கண்ணில் நீர். "நெமானி எங்க குடும்பத்துல ஒருத்தர். அவர் கெளம்புறேன்னு சொன்னப்ப என் நெஞ்சே..."

பேச முடியாமல், மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். திமிங்கிலப் பல். தேன் நிறத்தில், கை நீளத்துக்கு, பின்னிய கயிறு கோத்தது. பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த ஊருக்குத் திமிங்கிலப் பல் வந்து பன்னிரண்டு வருடமாகிறது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் சண்டை தீர்ப்பதற்கும் வைக்கிற பொருள். அதை வாங்கிக்கொண்டால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். வாங்காமல் விடுவது அந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் தெரியாத வித்தை.

"நெமானிய எங்ககிட்டேருந்து பிரிச்சிராதீங்க," என்றார் இயக்குநர், இரண்டு கையிலும் பல்லை ஏந்தி.

"மாமா..." என்றான் நெமானி பின் வரிசையிலிருந்து. பெரியவர்கள் இருக்கும் சபையில் அவன் பேசக் கூடாது. அந்த ஒரு வார்த்தைக்கே நாலு பேர் திரும்பி முறைத்தார்கள். அதற்குள் சகியாசி கை நீட்டிப் பல்லை வாங்கிவிட்டார். கூடம் முழுக்கக் கைதட்டியது, ஒரே சீராக, ஆழமாக. நெமானியின் கையும் பழக்கத்தில் தட்டிவிட்டது. நாலு தரம் ஒரு கட்டு வேரைத் தொடாதவர்கள், இவன் ஊரையே ஒரு பல்லைத் தொடவைத்துவிட்டார்கள். இந்தக் கதையைச் சொல்கிற எனக்கே வயிறு எரிகிறது.

வாசலோரத்திலிருந்து உலமிலா எழுந்து நின்றாள். பெண்பிள்ளை அங்கே எழுந்து பேசுவது முறையில்லை. பேசினாள்.

"சார், அப்பா வெலகினா அந்த எடத்துல நான் படிக்கலாம்னு இருக்கேன். எனக்குப் படிக்கணும் சார். அவர் புஸ்தகம் பூரா நான் படிச்சிட்டேன்."

இயக்குநர் முகம் கனிந்தது. "அருமையான கேள்விம்மா. உன்ன மாதிரி பிள்ளைங்களுக்காகத்தான் நாங்க இருக்கோம். ஆனா எடம் காலியானாத்தானே உன்னச் சேக்க முடியும்? எங்ககிட்ட எடம் காலியாறதே இல்ல. அதுதாம்மா எங்க பெருமை."

"அவர்தான் போறேன்னு சொல்றாரே."

"போறேன்னு சொல்றவங்கதான் இருக்கறதுக்கு ரொம்ப ஆசப்படுறவங்க. ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்கோம்."

"இருக்கேன்னு சொல்றவங்க?"

"அவங்க சொல்றத அப்படியே எடுத்துக்குவோம்." அவர் சட்டைப் பையைத் துழாவி ஒரு வில்லையை எடுத்தார். "இவ்வளவு அக்கறையா அப்பாவோட படிப்பப் பத்திப் பேசுறியே, உன்ன எங்களுக்கு வேணும். இன்னிலேருந்து நீ தக்கவைப்புத் தூதர். சம்பளம் கெடையாது, மரியாத உண்டு. ஒரே வேலதான். அப்பாவப் போக விடாமப் பாத்துக்கணும்."

அவள் வில்லையை வாங்கிக்கொண்டாள். கூடம் மறுபடி கைதட்டியது. அன்று ஊரில் எல்லாருக்கும் வயிறார விருந்து.

விருந்து முடிந்து படகு போன பிறகு நெமானி சகியாசியிடம் போனான். "ஏன் மாமா வாங்குனீங்க?"

"பல்ல எப்படிய்யா வாங்காம இருக்கறது? கடல் தாண்டி வந்து கண்ணீர் விடுறாரு மனுஷன். உன்ன வேணாம்னு சொல்லலியே, வேணும்னுதானே கேட்டாரு? உனக்குப் பெருமதானே?"

"எம் மவ போறா மாமா."

சகியாசி பல்லைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தார். "எங்க போறா?" என்று கேட்டார். அவன் சொன்னான். கிழவர் பல்லைத் துணியால் மூடினார். "இத யாரும் என்கிட்ட சொல்லலியே," என்றார். சொல்ல யாருக்கும் இடம் கொடுக்கப்படவில்லை என்பதை நெமானி சொல்லவில்லை.

உலமிலா ஏஜண்டுக்குப் பதில் அனுப்பினாள். படகு வருகிற காலையில், பை கட்டி வாசலில் வைத்துவிட்டு, அடுப்பங்கரை விட்டத்திலிருந்து வேர்க்கட்டை இறக்கினாள். அதே கட்டு. தாழை நாரில் புகை படிந்திருந்தது. அவளுக்காகப் பேச வருகிறேன் என்று சகியாசி சொல்லியிருந்தார். எங்கப்பாகிட்ட நானே கேட்டுக்கறேன் தாத்தா என்று அவள் மறுத்துவிட்டாள்.

பாயில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து கட்டை நடுவில் வைத்தாள்.

"இந்த வீட்டு நெழல்ல பத்தொம்போது வருஷம் இருந்தேன்ப்பா. ஒரு கொறயும் இல்ல. இப்ப எந்திரிச்சுப் போகணும். விடை குடுங்க."

நெமானி கையைத் தொடையின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே படகின் சங்குச் சத்தம் கேட்டது.

"இத வாங்கிக்க எனக்கு அதிகாரம் இல்ல," என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "அப்பா..."

"மேலிடத்துல கேக்கணும்."

"கேளுங்க."

"அவ இல்லியேம்மா," என்றான் அவன். "லித்தியா இருந்தா அவ சொல்லுவா. எனக்குத் தெரியாதே."

அவள் தலைகுனிந்து காத்திருந்தாள். அவன் தொடாவிட்டால் அவள் எழுந்திருக்க மாட்டாள். படகு போனாலும் எழுந்திருக்க மாட்டாள். அப்படி வளர்த்திருந்தான். அப்போதுதான் நெமானிக்கு மாக்கடல் பல்கலைக்கழகம் முழுதாகப் புரிந்தது. மூன்றாம் பக்கத்துக்கு மேல் போகாதவனுக்கு அந்த ஒரு பாடம் மட்டும் சுத்தமாகப் புரிந்தது. பூட்டோ காவலோ எதுவும் வேண்டாம். கையை நீட்டாமல், அன்பாகப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். எதிரே இருப்பவர் அங்கேயே கிடப்பார். பத்து வருடமானாலும் கிடப்பார். தலை நரைத்தபின் யாராவது அவர் சட்டையில் ஒரு வில்லையைக் குத்திவிட்டுப் போவார்கள்.

எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

கட்டைத் தொட்டான். எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். "நல்லாச் சாப்புடு," என்றான். "குளுருல சாக்ஸ் போட்டுக்க. படிக்கணும்னு தோணுச்சுன்னா அங்க எங்கயாச்சும் சேந்துக்க, ஆனா மொதல்ல வெளிய போற வழி எதுன்னு கேட்டுட்டுச் சேரு." பிறகு கையைக் குவித்து ஒரு தரம் தட்டினான். இரண்டாம் தரம் தட்டினான். மூன்றாவது வரக் கொஞ்சம் நேரமாயிற்று, ஆனால் வந்தது.

ஊருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. மாணவர்களை நூற்றுக்கு நூறு தக்கவைத்த கிராமம் என்று போட்டிருந்தது. சகியாசி அதைக் கூடத்தில் மாட்டச் சொல்லவில்லை. யார் கண்ணிலும் படாமல் பல்லோடு சேர்த்துச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெமானி ஒரே ஒரு கிழங்கை அவித்துக்கொண்டிருந்தான். ஊரிலேயே சிக்னல் வருகிற அந்த ஒரே வீட்டில் போன் அடித்தது. மகள்தான் என்று ஓடிப்போய் எடுத்தான்.

"பூலா," என்றது தேன் குழைத்த குரல். "நெமானி," என்றது கரகரத்த குரல். "நாங்கள் உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீங்கள் தனியாக இல்லை. படிப்பைத் தொடர விரும்பினால் எண் ஒன்றை அழுத்தவும். தொடர விரும்பாவிட்டாலும் எண் ஒன்றை அழுத்தவும்."

அவன் பாயில் உட்கார்ந்து போனைக் காதோடு வைத்துக்கொண்டான். எதையும் அழுத்தவில்லை. குரல் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.